காலுறைக்காரியின் சுவர்

குறுக்குக்கேள்விக்குக் கோபம் வந்தால் முதலில் காதுமடல் சிவக்கும். அப்புறம் மூக்கு நுனி. அன்று காலை தலைவர் பேசி முடிப்பதற்குள் இரண்டும் சிவந்துவிட்டன.

அவளுக்கு வயது பத்து. அவளுக்கென்று ஒரு நல்ல பெயர் உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து, யார் எதைச் சொன்னாலும் குறுக்கே ஒரு கேள்வி போடுவாள். அதனால் தீவு முழுவதற்கும் அவள் குறுக்குக்கேள்விதான். அவசரத்துக்கு, குறுக்கு.

தீவு சின்னது. நடுக்கடலில் யாரோ வைத்துவிட்டு மறந்துபோன கறுப்புக் கல் மாதிரி இருக்கும். ஒரு துறைமுகம், ஒரு பள்ளிக்கூடம், ஒரே ஒரு தெரு. படகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். கடல் முரண்டு பிடித்தால் அதுவும் வராது.

அந்தத் தீவின் தலைவர்தான் துறைமுகப் படிக்கட்டில் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தார். அவர் குறுக்கின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! நாளைக்குப் படகுல ஒரு ஆராய்ச்சியாளர் அம்மா வர்றாங்க. நம்ம தீவுல ஒரு சிலந்தி இருக்காம். உலகத்துல வேற எங்கயும் கிடையாதாம்! ரேடியோவுல சேதி வந்திருக்கு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

"என் கடையில இல்லைங்க. நான் தினமும் பெருக்குறேன்," என்று ரொட்டிக்கடைக்காரர் முந்திக்கொண்டு சொன்னார்.

"இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி," என்றார் தலைவர். "சாயங்காலத்துக்குள்ள தீவே பளிச்சுன்னு இருக்கணும். எல்லாச் சுவருக்கும் வெள்ளை. எல்லா மூலைக்கும் மருந்து. ஒரு ஒட்டடை, ஒரு சிலந்தி வலைகூட அந்த அம்மா கண்ணுல படக் கூடாது!"

எல்லோரும் கைதட்டினார்கள். குறுக்கு மட்டும் கையைத் தூக்கினாள்.

"மாமா, அவங்க சிலந்தியைப் பார்க்கத்தானே வர்றாங்க?"

"ஆமா."

"அப்ப ஏன் சிலந்தியைக் கொல்லப் போறோம்?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "வீட்டுக்கு ஆள் வந்தா சுத்தமா வச்சுக்கிறதில்லையா? அது மாதிரி."

"என்னைப் பார்க்க யாராச்சும் வந்தா என்னையும் பெருக்கித் தள்ளிடுவீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பள்ளிக்கூட டீச்சர் சிரிக்கவில்லை.

"குறுக்கு! பெரியவங்ககிட்ட என்ன பேச்சு இது? போ, போய்ச் சுவரைப் பார்த்து நில்லு!"

"இன்னைக்கு லீவு, டீச்சர்."

"சுவருக்கு லீவு இல்ல. போ!"

குறுக்கு காலைத் தரையில் உதைத்து உதைத்து நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் கோபம் கூடியது.

வெளியாள் வந்தால் வெள்ளையடிப்பது அந்தத் தீவின் பழக்கம். யார் வந்தாலும் சரி, எதற்காக வந்தாலும் சரி. ஒருமுறை கிணற்றுப் பம்பு பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்ய மெக்கானிக் வருகிறார் என்றதும், தலைவர் பம்புக்கு மூன்று பூச்சு பெயின்ட் அடிக்கச் சொன்னார். வந்த மெக்கானிக்கால் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற முடியவில்லை. பெயின்டைச் சுரண்டியே அவருக்குப் பொழுது போயிற்று. அவர் அடுத்த படகில் திரும்பவும் வரவேண்டியிருந்தது.

இன்னொருமுறை டாக்டர் வந்தார். "நம்ம ஊர்ல நோய் இருக்குன்னு நினைச்சுடுவாரே!" என்று தலைவர் பதறிப்போய், இருமுகிறவர்களை எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார். அப்படி வீட்டுக்குள் இருந்தவர்களில் தலைவரின் மனைவியும் ஒருவர். டாக்டர் நல்ல காற்றை வாங்கிக்கொண்டு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அத்தை அடுத்த படகு வரும்வரை இருமிக்கொண்டே இருந்தார்.

இப்போது சிலந்தி.

பள்ளிக்கூடத்தின் பின்சுவர் கறுப்புக் கல்லை அடுக்கிக் கட்டியது. மழைநீர்க் குழாய் இறங்கும் இடத்தில் எப்போதும் ஈரம். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. அதனால் அதற்கு இதுவரை யாரும் வெள்ளையடித்ததும் இல்லை. அங்கே அடிக்கடி நிற்கிற ஒரே ஆள் குறுக்குதான். ஏன் பெருக்கலில் சுழியம் வந்தால் எல்லாம் சுழியமாகிறது, ஏன் டீச்சர் மட்டும் வகுப்பில் தேநீர் குடிக்கலாம் என்று கேட்டுக் கேட்டு அவள் அந்தச் சுவரோடு நெருங்கிய சிநேகிதியாகிவிட்டாள்.

சுவரைப் பார்த்து நில் என்றால் சுவரைத்தானே பார்க்க வேண்டும்? அவள் பார்த்தாள். அப்படித்தான் ஒருநாள் காலுறைக்காரி கண்ணில் பட்டாள்.

கல்லிடுக்கில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. அதன் வாயிலிருந்து மெல்லிய இழைகள் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி நாலாபக்கமும் ஓடும். உள்ளே, வெள்ளைப் பட்டுக் குழாய்க்குள், அவள் உட்கார்ந்திருப்பாள். உடம்பு ஈரமண் நிறம். பார்க்க ஒன்றும் அழகில்லை. ஆனால் எட்டுக் கால்களின் நுனியிலும் வெள்ளை. எட்டுக் காலுறை போட்டுக்கொண்டு எங்கோ கிளம்பத் தயாராக இருப்பவள் போல இருப்பாள்.

மழைநீர்க் குழாயைச் சுற்றி அதேபோல நிறையத் துளைகள். வேறு எந்தச் சுவரிலும் இல்லை. குறுக்கு தீவு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டாள்.

இப்போதும் அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. அப்பா. அப்பாதான் தீவின் ஒரே பெயின்டர். ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, இன்னொரு கையில் சிமென்ட் சட்டி.

"சிமென்ட் எதுக்குப்பா?"

"மச்சான் சொல்லிட்டாரு கண்ணு. ஓட்டையெல்லாம் அடைச்சு, மேல வெள்ளையடிக்கணுமாம். நகரு."

"நகர மாட்டேன்."

"நகரலைன்னா உன் மேலயும் அடிச்சுட்டுப் போயிடுவேன்."

"அடிங்க."

அப்பா பிரஷ்ஷை வாளியில் தோய்த்து, அவள் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தார். சிவப்பு மூக்கு வெள்ளையானது. குறுக்கு சிரிக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதை அப்போதுதான் அப்பா கவனித்தார்.

"என்னடா ஆச்சு?"

"அவங்க பார்க்க வர்ற சிலந்தி இங்கதான்பா இருக்கு. இந்த ஓட்டைக்குள்ளதான். நீங்க சிமென்ட் வச்சா உள்ளயே செத்துப் போயிடும். வேற எங்கயும் கிடையாதுன்னு ரேடியோவுலயே சொல்லிட்டாங்களே. இங்க செத்தா எல்லா இடத்துலயும் செத்த மாதிரிதானே?"

அப்பாவுக்குச் சிலந்தி என்றால் ஆகாது. ஏணி மேலே நின்று எத்தனையோ முறை அலறியிருக்கிறார். அதை வெளியே சொல்லமாட்டார்.

"பெ... பெரிசா?" என்று கேட்டார்.

குறுக்கு அவருடைய பிரஷ்ஷிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினாள். அதன் நுனியால் ஓர் இழையை மெல்லத் தொட்டாள், வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.

சடாரென்று காலுறைக்காரி வாசலுக்கு வந்தாள். அப்பா ஒரே தாவலில் பின்னால் போய் வாளியில் இடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்கப்பா. அவங்களுக்கு உங்களைப் பார்த்தா பயம். இருந்தும் ஓடாம நிக்கிறாங்க பாருங்க. பின்னால வெள்ளையா ஒரு பை தெரியுதா? அதுல முட்டை இருக்கு."

அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் எட்ட நின்று பார்த்தார். அப்புறம் கொஞ்சம் கிட்ட வந்தார். அப்புறம் இரண்டு கண்ணையும் திறந்தார்.

"சாக்ஸ் போட்டிருக்கா!"

"எட்டு."

அப்பா சிமென்ட் சட்டியைக் காலால் மெல்லத் தள்ளி வைத்தார். "ஆனா மச்சான்கிட்ட யார் சொல்றது? சுவர் கறுப்பா இருந்தா மனுஷன் குதிகுதின்னு குதிப்பாரே."

"நான் சொல்றேன்," என்றாள் குறுக்கு.

தலைவரின் அலுவலக அறையிலும் சுண்ணாம்பு வாசம் அடித்தது. தலைவர் ஒரு கண்ணாடிப் பாட்டிலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் ரிப்பன் கட்டியிருந்த பாட்டில். உள்ளே ஒரு சிலந்தி. உள்ளங்கை அகலம், நீளநீளமான கால்கள்.

"பார்த்தியா? அந்த அம்மாவுக்காக நானே பிடிச்சு வச்சிருக்கேன்," என்றார் பெருமையாக. "நல்லா பெரிசாப் பார்த்துப் பிடிச்சேன்."

"எங்க பிடிச்சீங்க?"

"குளியலறையில."

"மாமா, இது எல்லார் வீட்டுலயும் இருக்குற சிலந்தி. அவங்க தேடுற சிலந்தி சின்னதா, சாக்ஸ் போட்டிருக்கும். ஸ்கூல் பின்சுவர்ல இருக்கு. அதை நீங்க..."

"சின்னதையா காட்டுறது? நம்ம தீவைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"அது சின்னதுதானே மாமா! அதுக்கு என்ன பண்ண முடியும்?"

"சிலந்தின்னா சிலந்திதான். போ, போய்த் தெருவைப் பெருக்கு."

குறுக்கின் காது தக்காளிப் பழமாகிவிட்டது. சின்னதாக இருந்தால் சிலந்தி இல்லையா? குளியலறைச் சிலந்திக்கு ரிப்பன், உலகத்தில் வேறெங்கும் இல்லாத சிலந்திக்குச் சிமென்ட்! இதில் எந்த நியாயம்? கத்த வாயைத் திறந்தாள். அப்போது மாமா செய்த ஒரு காரியத்தைப் பார்த்து அப்படியே வாயை மூடிக்கொண்டாள்.

சுவரில் தலைவரின் பழைய புகைப்படம் மாட்டியிருந்தது. அறை முழுக்கப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். ஆனால் அந்தப் படத்தைச் சுற்றித்தான் அடித்திருந்தார்கள். தலைவர் தன் கைக்குட்டையால் படத்தின் மேலே தெறித்திருந்த ஒரு சொட்டை அக்கறையாகத் துடைத்தெடுத்தார்.

மாமா சுவருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வெள்ளையடிப்பார். படத்தின் மேல் அடிக்கமாட்டார்.

குறுக்கு திரும்பி ஒரே ஓட்டமாக ஓடினாள்.

"அப்பா! சுவர் முழுக்க வேண்டாம். பிரேம் மாதிரி அடிங்க!"

"என்னது?"

"குழாய்கிட்ட இருக்குற கல்லை விட்டுடுங்க. அதைச் சுத்தி, படத்துக்குப் போடுற மாதிரி, நேரா ஓரம் வச்சு அடிங்க. மத்த இடமெல்லாம் வெள்ளை, அதுதான் பிரேம். அங்க ஒரு துளைகூட இல்ல, நான் பார்த்துட்டேன்."

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு பையிலிருந்து நூலை எடுத்தார். "இந்த முனையைப் பிடி. கோணலா அடிச்சா மச்சானுக்குத் தூக்கம் வராது."

கறுப்புக் கல் மேல் சுண்ணாம்பு தெறிக்காமலிருக்க அப்பா பிரஷ்ஷை ஒட்டப் பிழிந்து பிழிந்து அடித்தார். குறுக்கு ஒரு பழைய அட்டையை இழைகளுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டே நகர்ந்தாள். கை கடுத்தது. ஆனாலும் அட்டையை இறக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் தலைவர் வந்தார். முதுகில் பூச்சிமருந்து டப்பா. கையில் அதன் குழல்.

"மாப்பிள்ளை, முடிஞ்சுதா? இது என்ன, நடுவுல கறுப்பா விட்டிருக்கீங்க?"

அப்பா மகளைப் பார்த்தார். குறுக்கு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பிரேமுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"படம், மாமா."

"யாரோட படம்?"

"உள்ள இருக்குறவங்களோடது."

தலைவர் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பார்க்க நல்லாத்தான் இருக்கு," என்று முணுமுணுத்தார். "ஆனா மருந்து அடிக்கணும். எல்லா மூலைக்கும் அடிச்சாச்சு, இது மட்டும்தான் பாக்கி. எழுந்திரு."

"எழுந்திருக்க மாட்டேன்."

"குறுக்கு!"

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"பம்பைச் சரிபண்ண வந்தவருக்கு பம்பை மூடி பெயின்ட் அடிச்சு வச்சீங்க. நோயைப் பார்க்க வந்த டாக்டருக்கு நோயாளியை ஒளிச்சு வச்சீங்க. இப்ப சிலந்தியைப் பார்க்க வர்றவங்களுக்காக சிலந்தியைக் கொல்றீங்க! நாளைக்குப் புது டீச்சர் வந்தா எங்களை எல்லாம் கடல்ல தள்ளிட்டு, பெஞ்சைத் துடைச்சு வைப்பீங்களா? அவங்க சுண்ணாம்பு பார்க்கவா மாமா இவ்வளவு தூரம் படகுல வாந்தி எடுத்துக்கிட்டே வர்றாங்க? சுண்ணாம்பு அவங்க ஊர்லயே இருக்காதா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றினார்.

இருமல் சத்தம் கேட்டதும் தலைவரின் முகம் மாறியது. அத்தை இன்றைக்கும், மழை வந்தால் போதும், அவர் முகத்துக்கு நேராகத்தான் இருமுவார். ஒவ்வோர் இருமலுக்கும் நடுவில், "டாக்டர் நல்லா சாப்பிட்டாரா?" என்று ஒரு கேள்வி வேறு கேட்பார்.

தலைவர் குழலைக் கீழே இறக்கினார். இறக்கினாரே தவிர, டப்பாவைக் கழற்றவில்லை.

"சரி. அப்படி என்னதான் இருக்கு உள்ள? காட்டு, பார்க்கலாம்."

குறுக்கு அவர் கையில் பிரஷ் முடியைக் கொடுத்தாள். "நீங்களே கதவைத் தட்டுங்க. மெல்ல."

தலைவர் முட்டி போட்டுத் தட்டினார். காலுறைக்காரி வந்தாள். இரண்டு முன்னங்கால்களையும் தூக்கிக்கொண்டு, யாரது என்று கேட்கிற மாதிரி நின்றாள். வந்தது இரை இல்லை என்று தெரிந்ததும் இழையை ஒருமுறை சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

தலைவர் குனிந்து துளைக்குள் உற்றுப் பார்த்தார்.

"அட, உள்ள எவ்வளவு சுத்தமா வச்சிருக்கு!" என்றார். "எல்லாம் வெள்ளை!"

"அவங்களே அடிச்சுக்கிட்டாங்க," என்றாள் குறுக்கு.

தலைவர் எழுந்து டப்பாவைக் கழற்றினார். முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிரேமைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, வலது பக்கம் கீழ்முனை கொஞ்சம் இறங்கியிருக்கு. நூல் பிடிச்சீங்களா?"

மறுநாள் படகு வந்தது. ஆராய்ச்சியாளர் அம்மா வெளிறிய முகத்தோடு இறங்கினார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் வாந்திப் பை. பளபளக்கும் தெருவை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

தலைவரால் கடைசி நேரத்தில் ஆசையை அடக்க முடியவில்லை. ரிப்பன் கட்டிய பாட்டிலை நீட்டிவிட்டார்.

"ரொம்ப நல்ல சிலந்தி," என்றார் அந்த அம்மா மரியாதையாக. "என் குளியலறையிலயும் ஒண்ணு இருக்கு."

தலைவர் பாட்டிலைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். பின்னால் நின்ற அத்தை அதை வாங்கி, மூடியைத் திறந்து, சிலந்தியைப் புதரில் விட்டார்.

"நான் தேடி வந்தது வேற. பழைய மியூசியம் ஒண்ணுல, இந்தத் தீவுல பிடிச்ச, காய்ஞ்சுபோன ஒரே ஒரு சிலந்தியைத்தான் பார்த்திருக்கேன். உயிரோட பார்த்தவங்க யாருமே கிடையாது," என்றார் அந்த அம்மா. சொல்லும்போதே அவர் குரலில் நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. சுற்றிலும் இருந்த வெள்ளைச் சுவர்களை இப்போதுதான் அவர் பார்த்தார். "இங்க... எல்லாச் சுவருக்கும் வெள்ளையடிச்சுட்டீங்களா?"

"ஒரு இடத்தைத் தவிர," என்றாள் குறுக்கு.

பள்ளிக்கூடப் பின்சுவருக்கு முன்னால் அந்த அம்மா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரஷ் முடியால் கதவைத் தட்டச் சொல்லிக்கொடுத்ததும் தட்டினார். காலுறைக்காரி வந்தாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு தூரத்துக்கு இது எப்படி வந்துச்சு?" என்று தலைவர் கேட்டார். "படகுலயா?"

"படகே இல்லாத காலத்துல. குட்டிச் சிலந்திங்க ஒரு இழையை விட்டுக் காத்துல பறக்கும். என்னைக்கோ ஒண்ணு பறந்து வந்து இங்க இறங்கியிருக்கணும்னு நினைக்கிறேன்."

"பாவம். அப்ப வெள்ளையடிக்க யாருமே இல்லையே," என்றார் தலைவர் வருத்தமாக.

அந்த அம்மா குறுக்கின் பக்கம் திரும்பினார். வெள்ளை மூக்கு இன்னும் சரியாகக் கழுவப்படவில்லை.

"இதை நீ எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"தண்டனையிலங்க. டீச்சர் அடிக்கடி இங்க நிக்கச் சொல்வாங்க."

"என்ன தப்பு பண்ணினதுக்கு?"

"கேள்வி கேட்டதுக்கு."

அந்த அம்மா டீச்சரைப் பார்த்தார். தலைவர் டீச்சரைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். டீச்சர் மழைநீர்க் குழாயைப் பார்த்தார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறந்தது. டீச்சர் முதல் பாடத்தில் முதல் வரியைப் படிப்பதற்குள் ஒரு கை உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று. எப்போதும் தூங்குகிற கடைசி பெஞ்சுப் பையன்கூட எழுந்து நின்றான்.

"டீச்சர், வாரத்துக்கு ஏன் ஏழு நாள்?"

"டீச்சர், மீனுக்குத் தாகம் எடுக்குமா?"

"டீச்சர், நீங்க மட்டும் ஏன் தேநீர் குடிக்கிறீங்க?"

டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தார். "எல்லாரும் போய்ச் சுவரைப் பார்த்து நில்லுங்க," என்றார். இந்த முறை அவர் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. தேநீரை எடுத்துக்கொண்டு அவரும் பின்னாலேயே வந்தார்.

வகுப்பு மொத்தமும் ஓடியது. வெள்ளை பிரேமுக்கு முன்னால் தலைகள் முட்டிக்கொண்டன. கடைசியாக வந்த குறுக்குக்கு எட்டிப் பார்க்கக்கூட இடம் கிடைக்கவில்லை.

அவள் காதுமடல் சிவந்தது. மூக்கு நுனியும் சிவந்தது.

"இது என்ன நியாயம்?" என்று அவள் கத்தினாள். "வரிசையில வாங்க! நான் எத்தனை வருஷமா தண்டனை வாங்கிக்கிட்டு இருக்கேன்!"